கப்பலேறிய சொற்களும் கரையில் விட்ட சொற்களும்

கடல் மட்டத்துக்கு 3,000 அடி மேலே இருக்கிற பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு கப்பல் சொற்களைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கப்பலில் வேலை பார்த்தவன் அல்லன். கல்லூரியில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவனும் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து, நாற்பது ஆண்டுகளாக இரும்புச் சாமான் கடை நடத்துகிறவன். ஆணி, சங்கிலி, கப்பி, வடக்கயிறு, தார்ப்பாய் என்று என் கடையில் இருக்கிற சரக்கில் பாதி, ஒரு காலத்தில் கப்பல் கட்டவும் ஓட்டவும் வேண்டியிருந்த சரக்கு. இந்தப் பெயரெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடும் பழக்கம் கடையில் தொடங்கிப் புத்தகத்துக்குப் போயிற்று. அப்படித் தேடித் தெரிந்துகொண்ட சிலவற்றை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். கப்பலின் உறுப்புகளுக்கும் அதில் நடக்கும் வேலைகளுக்கும் தமிழில் பெயர்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை வழக்கில் கொண்டுவந்தவர்கள் தச்சர்களும் மாலுமிகளும். தொழில் இருந்தவரை சொல் இருந்தது. தொழில் கைமாறியபோது சொல்லும் போயிற்று. இப்போது அறைக்குள் உட்கார்ந்து புதுச்சொல் தேடுகிறோம். தேடுமுன், பழைய சொல்லை இன்னும் நாவில் வைத்திருக்கிறவர்களைக் கேட்டோமா?

கடலில்லாத ஊரும் கடல் வணிகமும்

முதலில் நாம் வாழும் கர்நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். பாகல்கோட்டை மாவட்டத்தில் மலப்பிரபா ஆற்றங்கரையில் ஐஹொளே என்ற ஊர் இருக்கிறது. சாளுக்கியர் கோயில்களைப் பார்க்கப் பலர் போயிருப்பீர்கள். கல்வெட்டுகளில் இதன் பெயர் ஐயாவொளே. கடலுக்கும் அந்த ஊருக்கும் வெகுதூரம். ஆனால் 'ஐயாவொளே ஐந்நூற்றுவர்' என்ற பெரிய வணிகக் குழு அந்த ஊரின் பெயரைத் தாங்கித்தான் கடல் கடந்தது. தமிழ்நாட்டில் அவர்களையே 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன.

சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற இடத்துக்கு அருகே லோபு துவாவில் இவர்கள் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. கற்பூரத்துக்குப் பேர்போன துறை அது. அங்கே வந்து இறங்குவோர் பொன்னாகச் செலுத்த வேண்டிய தீர்வையைப் பற்றிய அந்தக் கல்வெட்டில் 'மரக்கல நாயன்' என்ற சொல் வருகிறது. நாயன் என்றால் தலைவன், மரக்கலத்தின் தலைவன். எவ்வளவு தெளிவான சொல் பாருங்கள்! கன்னட நாட்டு ஊரின் பெயர் கொண்ட குழு, தமிழில் எழுதி, சுமத்ராவில் நட்ட கல்லில் நமக்கு ஒரு கப்பல் சொல் கிடைக்கிறது. ஆகவே கடலில்லாத ஊர்க்காரர்களுக்குக் கப்பல் பேச்சு எதற்கு என்று யாரும் நம்மைக் கேட்க முடியாது.

நிகண்டு தந்ததும் தராததும்

என் தகப்பனார் காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நிகண்டு மனப்பாடம். அதிலும் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு எங்கள் வீடுகளில் விசேஷம். அவர் சமணப் புலவர் என்பது ஒரு காரணம். அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது சேந்தன் திவாகரம், பிறகு பிங்கலம். இவற்றில் திவாகரத்திலும் சூடாமணியிலும் மனிதன் செய்த பொருள்களுக்கென்றே 'செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி' என்று ஒரு தனிப் பகுதி உண்டு. கலைச்சொல் அகராதி என்ற பேச்சே எழாத காலத்தில் பொருள்வாரியாகச் சொல் தொகுத்த முன்னோரை இன்று நினைத்தாலும் கை குவிகிறது.

நாவாய், வங்கம், கலம், மரக்கலம், அம்பி, பஃறி, திமில், தோணி, ஓடம், புணை, தெப்பம் என்று நீரில் மிதப்பவற்றுக்கு இத்தனை பெயர்கள் தமிழில் உண்டு. ஓட்டுகிறவனுக்கு மீகாமன், நீகான் என்று பெயர். அகநானூறு யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சொல்கிறது. சிந்தாமணியில் சீதத்தன் என்ற வணிகன் கடலோடிப் பொருள் தேடப் போகிறான். கலங்கரை விளக்கம் என்ற பெயர் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது; கரைதல் என்றால் அழைத்தல், கலத்தை அழைக்கும் விளக்கு என்று பொருள் சொல்வார்கள்.

இவ்வளவும் பெருமைதான். ஆனால் நான் கடைக்காரன், இன்னொரு கணக்கும் பார்க்கிறேன். மேலே சொன்னவற்றில் அதிகமாக இருப்பது கப்பலின் பெயர். கப்பலுக்குள்ளே இருக்கும் உறுப்புகளின் பெயர் குறைவு. கரையில் நின்று பார்த்த புலவருக்குப் பாயும் மரமும் கொடியும் தெரிந்தன. அடியில் கிடக்கும் கட்டையும், பலகை இடுக்கில் அடைக்கும் பஞ்சும், பாயின் கீழ்முனையைக் கட்டும் கயிறும் கப்பலில் இருந்தவனுக்குத்தான் தெரியும். அந்தச் சொற்களைத் தேட நாம் தச்சுப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஓடாவியின் சொற்கள்

படகும் கப்பலும் கட்டும் தச்சருக்கு 'ஓடாவி' என்று பெயர். அவர்கள் கப்பல் கட்டிய முறையைச் சொல்லும் 'கப்பல் சாத்திரம்' என்ற சுவடி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தால் 1950இல் அச்சாயிற்று. 'நாவாய் சாத்திரம்' என்ற இன்னொன்று 1995இல் வந்தது. அளவும், மரத்தின் குணமும், நல்ல நாளும், சோதிடமும் கலந்து கிடக்கும் நூல்கள் இவை. சோதிடத்தை விலக்கிப் படித்தாலும், தொழில் தெரிந்தவன் வைத்திருந்த கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

இனி ஒரு பாய்க்கப்பலை அடியிலிருந்து மேலே பார்த்து வருவோம். எல்லாவற்றுக்கும் அடியில் நீளவாக்கில் கிடக்கும் கட்டை 'ஏரா'. வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. அதிலிருந்து இரு புறமும் விலா எலும்பு போல எழும் சட்டங்கள் 'வங்கு'. முன்புறம் 'அணியம்', பின்புறம் 'அமரம்'. திசை திருப்பும் பலகை 'சுக்கான்'. பலகை இடுக்கில் பஞ்சும் நாரும் அடைத்துக் கீல் பூசித் தண்ணீர் புகாமல் செய்வது 'கலப்பற்று'. நடுவே நிற்பது பாய்மரம். பாயைத் தாங்கும் குறுக்குமரம் 'பருமல்'. பாயை இழுத்துக் கட்டும் கயிறு 'தாமான்'. நங்கூரத்தைத் தாங்கும் தடித்த வடம் 'ஆலாத்து'. ஆழம் அளக்க 'பாகம்': இரு கையையும் விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ள நீளம், ஏறக்குறைய ஆறு அடி.

சில ஆண்டுகளுக்கு முன் சரக்கு விஷயமாகத் தூத்துக்குடி போனபோது, வயதான ஓடாவி ஒருவரைப் பார்த்து இந்தச் சொற்களைக் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கெல்லாம் பேரு கேட்டு யாரும் வந்ததில்ல அண்ணாச்சி. வேலை நடக்கும்போது கூப்பிடுவோம், அவ்வளவுதான்" என்றார். பிறகு தாமாகவே, "எம் மகனுக்கு ஏரான்னா தெரியும். அவன் மகனுக்குத் தெரியாது. அவன் கம்ப்யூட்டர் படிக்கான்" என்றார். அதில் வருத்தம் தெரியவில்லை. பேரன் படிக்கிற பெருமைதான் தெரிந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அந்தப் பேரன் நாளைக்கு நம் எலக்ட்ரானிக் சிட்டிக்கே வேலைக்கு வரலாம். ஆனால் இரண்டு தலைமுறைக்குள் ஒரு சொல் எப்படிக் கழன்று விழுகிறது என்பதை அன்றைக்கு நேரிலேயே பார்த்தேன்.

வரவும் செலவும்

மேலே சொன்ன பட்டியலைப் பார்த்து, "இதில் பாதி தமிழே இல்லையே" என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. உண்மைதான். சுக்கான் அரபுச் சொல். மாலுமி, 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. வழி அறிந்தவன், கற்பிப்பவன் என்று பொருள். நங்கூரம், பாரசீகத்து 'லங்கர்' என்பதோடு உறவுடையது. கப்பித்தான் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. தனித்தமிழ் அன்பர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் துறைமுகம் என்பது சந்தை. சந்தையில் ஒருவரே விற்று ஒருவரே வாங்க முடியாது.

செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போயிற்று. 1697இல் வெளிவந்த தம் பயணநூலிலேயே வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை எழுதிவிட்டார். இன்று உலகமெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. நம் கட்டுமரமோ மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, இரட்டை உடல் கிடையாது. சொல் போன இடத்தில் பொருள் மாறிவிட்டது. கப்பல் என்ற சொல் மலாய் மொழியில் 'கபல்' ஆகி இன்றும் வாழ்கிறது. தோணியும் ஆங்கில அகராதிகளில் ஏறியது. வாங்கியதையும் கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால், நாம் கடலில் கடை வைத்திருந்தவர்கள் என்பது புரியும்.

சொல்லோடு கருவியும் இருந்தது. 'இராப்பலகை' என்று ஒன்று. சிறிய பலகையின் நடுவே துளையிட்டு முடிச்சுகள் போட்ட ஒரு கயிற்றைக் கோத்திருப்பார்கள். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடும்படி பிடிக்க வேண்டும். வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் மேலே ஏறும். பலகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருக்கும். நாகப்பட்டினம் ஏறக்குறைய 10.8 பாகை, சென்னை 13.1 பாகை, மசூலிப்பட்டினம் 16.2 பாகை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு. எந்த முடிச்சு பல்லில் படுகிறதோ அந்தத் துறைக்கு நேரே கப்பல் நிற்கிறது என்று பொருள். 1850இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் இத்தகைய கருவியைக் கண்டு வியந்து சென்னையில் வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று நாம் நினைக்கும் தண்டலின் (தோணித் தலைவனை அப்படித்தான் சொல்வார்கள்) பல்லிடுக்கில் புவியியல் இருந்தது.

எங்கே அறுந்தது

அப்புறம் நீராவி வந்தது. அங்கேதான் கயிறு அறுந்தது என்பது என் எண்ணம்.

16.10.1906 அன்று தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். தமிழில் அதை 'சுதேசி நாவாய்ச் சங்கம்' என்று வழங்கினார்கள். சங்க இலக்கியத்து நாவாய் இருபதாம் நூற்றாண்டின் கம்பெனிக்குப் பெயராக வந்து நின்றது! 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்தத் தியாகத்தை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கும் தெரியும். நான் கவனிப்பது வேறு ஒன்று. கம்பெனிக்குத் தமிழ்ப் பெயர் இருந்தது. மக்கள் 'புகைக்கப்பல்' என்று கப்பலுக்கும் பெயர் வைத்தார்கள். ஆனால் உள்ளே பாய்லர் பாய்லராகவும் எஞ்சின் எஞ்சினாகவுமே இருந்தன. காரணம், அந்தக் கப்பல்களை நாம் கட்டவில்லை; விலைக்கு வாங்கினோம். வாங்கிய பொருள் அதன் பெயரோடுதான் வரும். இதை முப்பது ரூபாய் ஸ்பேனர் விற்கும்போதும் நான் பார்க்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் நம்மவர்களே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. நீராவிக் காலம் முற்றிய பிறகும் தமிழ் ஓடாவியின் ஏராவும் வங்கும் அவ்வளவு தொலைவு தாங்கின. கட்டும் கை இருந்த ஊரில் சொல்லும் அதுவரை உயிரோடு இருந்தது. தூத்துக்குடித் தோணிகளும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாய் விரித்து ஓடின. பிறகு அவற்றிலும் எஞ்சின் ஏறியது. பாய் இறங்கியபோது பருமலும் தாமானும் சேர்ந்தே இறங்கிவிட்டன.

வெள்ளைக்காரன் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரன். 1811இல் தாமஸ் ரோபக் என்பவர் கல்கத்தாவில் ஆங்கிலம் - இந்துஸ்தானி கப்பல் சொல் அகராதி ஒன்றை வெளியிட்டார். நம் நாட்டுக் கலாசிகள் பேசியது போர்ச்சுகீசியம், அரபு, இந்துஸ்தானி எல்லாம் கலந்த ஒரு கப்பல் பாஷை. அது தெரியாமல் கப்பித்தானால் கப்பலை நகர்த்த முடியவில்லை. ஆகவே கூலியாளின் வாய்ச்சொல்லைக் குறித்துவைத்து அச்சிட்டார்கள். அந்த பாஷையின் ஒரு துண்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. பாரம் இறக்கும்போது கலாசிகள் 'ஆரியா, ஆரியா' என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆரியரும் இல்லை திராவிடரும் இல்லை. 'அர்ரியார்', அதாவது இறக்கு என்ற போர்ச்சுகீசியக் கப்பல் சொல் அது! நம் பழைய படகோட்டிகளின் 'ஏலேலோ'வுக்கும் ஒரு கதை உண்டு. வள்ளுவரின் மாணவரும் கப்பல் வணிகருமான ஏலேலசிங்கனின் பெயரைச் சொல்லிப் பாடியதுதான் அது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். செவிவழிக் கதைதான், வணிகனின் பெயரை உழைப்பாளி பாட்டில் வைத்தான் என்று கேட்கும்போது ஒரு வணிகனுக்குச் சந்தோஷம்.

புதுச்சொல்லும் பழைய கலமும்

புதுச்சொல் ஆக்கும் முயற்சியை நான் குறை சொல்லவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்ட நாளிலிருந்து எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். பாய்லருக்குக் கொதிகலன் என்றார்கள், நிலைத்துவிட்டது. டர்பைனுக்குச் சுழலி என்றார்கள், புரிகிறது. ஆனால் ஏரா இருக்க அடிக்கட்டை எதற்கு? அணியம் இருக்க முன்முனை எதற்கு? கரையோரத்தில் வழங்கும் சொல்லைக் கேளாமல், ஆங்கிலச் சொல்லைப் பிரித்து மொழிபெயர்த்தால், அந்தச் சொல் அகராதியில் இருக்கும், துறைமுகத்துக்குப் போகாது. ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' நாவல்களில் கரையோரத்துச் சொற்களை அப்படியே எழுதியபோது படித்தவர்களே திகைத்தார்கள். கொற்கைக்கு 2013இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அந்தத் திகைப்பு, நாம் எவ்வளவு தூரம் உள்நாட்டுக்குள் வந்துவிட்டோம் என்பதற்கு அளவு.

பழைய சொல்லுக்கு வேலை கொடுத்தால் அது எழுந்து நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 'கலம்' என்ற சொல்லைப் பாருங்கள். சமையல் பாத்திரம் கலம். போட்டுக்கொள்ளும் நகை அணிகலம். பன்னிரண்டு மரக்கால் நெல் ஒரு கலம். கடலில் ஓடியது மரக்கலம். 14.7.2023 அன்று புறப்பட்டு 23.8.2023 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3ஐத் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் 'விண்கலம்' என்றே எழுதின. அதை உருவாக்கியது பெங்களூரு; இங்கிருந்துதான் அதை வழிநடத்தினார்கள்; திட்ட இயக்குநராக இருந்தவர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். அன்று அந்தச் சொல்லுக்கு அடிக்குறிப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. மீகாமனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, கலத்துக்குக் கிடைத்துவிட்டது.

ஆகவே இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் நாகப்பட்டினத்தார் உண்டு, கடலூரார் உண்டு, தூத்துக்குடியார் உண்டு, சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் தாத்தாக்கள் உண்டு. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாற்பது பக்கத்து நோட்டு ஒன்று போதும். நாலு பத்தி போடச் சொல்லுங்கள்: சொல், அதன் பொருள், சொன்னவரின் ஊர், அவர் பார்த்த வேலை. கப்பல் சொல்தான் என்று இல்லை; நெசவு, தச்சு, தட்டார வேலை, எதுவாக இருந்தாலும் சரி. அது தமிழா, அரபா, போர்ச்சுகீசியமா என்ற விசாரணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சரக்கு கரையில் இறங்கட்டும். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் அப்படி எழுதிய நோட்டுகள் ஒரு தட்டு நிறைய இருந்தால், நாளைக்கு அகராதி செய்ய வருகிறவருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.

என் நோட்டில் இதுவரை நூற்றுச் சொச்சம் சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் முதல் சொல் ஏரா. சொன்னவர் ஊர் தூத்துக்குடி, வேலை ஓடாவி.